சொல்லாமல் விட்டுக்கொடுப்பவர்கள்

நியூயார்க்கில் ஒரு கிறிஸ்துமஸ் முன்னிரவு. சோபாவில் ஒரு பெண் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். கால்களை ஒரு கம்பளி மூடியிருக்கிறது. வந்திருப்பவன் அவளுடைய பழைய காதலன். ஆறு மாதம் கழித்து எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் சந்திப்போம் என்று கப்பலில் பேசிவைத்துப் பிரிந்தவர்கள். அவன் போய்க் காத்துக் கிடந்தான், அவள் வரவில்லை. இப்போது, அன்று வராதவன் தான்தான் என்பதுபோலப் பேச்சைத் திருப்பி அவளைச் சீண்டிப் பார்க்கிறான். அவள் எழுந்து வரவேற்காததையும் அலட்சியம் என்றே எடுத்துக்கொள்கிறான். பேச்சுவாக்கில், தன் பாட்டியின் சால்வையோடு அவளை வரைந்த ஓவியத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறான். விற்கக் கொடுத்திருந்த இடத்தில் அதைக் காசு வாங்காமல் யாரோ ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்களாம். பணமில்லாதவளாம், அதோடு அவள்... வாக்கியம் பாதியில் நிற்கிறது. விறுவிறுவென்று நடந்து படுக்கையறைக் கதவைத் திறக்கிறான். உள்ளே அந்த ஓவியம்.

லியோ மெக்கேரியின் ‘அன் அஃபேர் டு ரிமெம்பர்’ 1957இல் வந்தது. 1939இல் ‘லவ் அஃபேர்’ என்று தானே எடுத்த கதையை, கேரி கிராண்டையும் டெபோரா கெரையும் வைத்து அவர் மறுபடி எடுத்தார். சந்திக்க ஓடிவந்த வழியில் கார் மோதி அவள் நடக்க முடியாமல் போனது பார்ப்பவர்களுக்கு முன்பே தெரியும். அவனுக்குத் தெரியாது, அவனிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது என்று அவளே தடுத்துவைத்திருக்கிறாள். அந்தக் கதவு திறக்கும்போது கண் கலங்காமல் இருப்பது கஷ்டம். கலங்கி முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து யோசித்தால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அவனிடம் சொல்லாமல் இருக்க அவளுக்கு என்ன உரிமை?

அடிபட்டுக் கிடப்பவளிடம் போய்க் கணக்குக் கேட்பதுபோலத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து ஹாலிவுட் காதல் படங்களை அடுத்தடுத்துப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. ‘காசாபிளாங்கா’வில் (1942) ரிக், இல்சா தன்னோடுதான் தங்கப்போகிறாள் என்று அவளைக் கடைசிவரை நம்பவைத்துவிட்டு, விமான நிலையத்தில் கணவனோடு ஏற்றி அனுப்புகிறான். இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அவன் ஒருவனே முடிவெடுத்தாகிவிட்டது. ‘மேக்னிஃபிசென்ட் அப்செஷன்’ (1954) படத்தில், ஒரு பெண் பார்வை இழக்கக் காரணமானவனே வேறு பெயரில் அவளோடு பழகுகிறான். பிறகு அவனுக்குச் சுமையாகக் கூடாது என்று அவள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போய்விடுகிறாள். மனிதர்கள் வேறு, ஊர்கள் வேறு. செய்கிற காரியம் ஒன்றுதான். நேசிக்கிற ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி, அவரைக் கேட்காமல், அவருடைய நன்மைக்காகவே ஒரு முடிவு எடுக்கிறார்கள். முடிவு நிலைக்க வேண்டுமென்று ஒரு பொய்யும் சொல்கிறார்கள்.

அன்புக்காகச் சொல்கிற பொய்க்குப் பரிந்து பேசுபவர்கள் உடனே வள்ளுவரைத் துணைக்கு அழைப்பார்கள். நன்மை தருமென்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்று அவரே இடம் கொடுத்திருக்கிறாரே என்பார்கள். கொடுத்திருக்கிறார்தான். ஆனால் அந்த நன்மைக்கு முன்னால் ‘புரைதீர்ந்த’ என்று ஓர் அடைமொழியும் போட்டிருக்கிறார். அது பலருக்கு மறந்துபோகிறது. குற்றம் எதுவும் ஒட்டாத நன்மையாக இருக்க வேண்டும். ஒருவர் தன் வாழ்க்கையைப் பற்றித் தானே தீர்மானிக்கும் வாய்ப்பைப் பறித்துக் கொடுக்கப்படுகிற நன்மை அந்தச் சோதனையில் தேறுமா என்பதுதான் வழக்கு.

வழக்கை இருப்பதிலேயே கடினமான இடத்தில் வைத்து விசாரிப்பது நியாயம். அது காதலர்களுக்கு இடையில் இல்லை, ஒரு தாய்க்கும் மகளுக்கும் இடையில் இருக்கிறது. ஆலிவ் ஹிக்கின்ஸ் ப்ரௌட்டி 1923இல் எழுதிய நாவலை வைத்து கிங் விடார் 1937இல் இயக்கிய படம், ‘ஸ்டெல்லா டல்லாஸ்’. பார்பரா ஸ்டான்விக் ஸ்டெல்லா. மில் தொழிலாளி வீட்டுப் பெண். படித்த, நல்ல குடும்பத்து ஸ்டீபனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள், ஒட்டவில்லை, அவன் நியூயார்க் போய்விடுகிறான். மகள் லாரல் தாயோடு வளர்கிறாள். ஸ்டெல்லாவுக்குப் பளபளப்பான உடை பிடிக்கும், குலுங்கிச் சிரிப்பது பிடிக்கும். ஊர்ப் பெரியவீட்டார்களுக்கு இரண்டுமே பிடிக்காது. லாரலின் பிறந்தநாளுக்கு மேசையை அலங்கரித்துவிட்டுத் தாயும் மகளும் காத்திருக்கிறார்கள். வர முடியவில்லை என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தகவல் வருகிறது. கடைசியில் இருவர் மட்டும் போய் அந்த நீள மேசையில் உட்கார்கிறார்கள்.

படத்தின் உயிர் அதற்குப் பின்னால் வரும் ஓர் இரவு ரயில் காட்சியில் இருக்கிறது. பணக்கார விடுதி ஒன்றில் ஸ்டெல்லாவின் கோலத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்ததைக் கண்ட லாரல், காரணம் சொல்லாமல் தாயைக் கிளப்பிக்கொண்டு ஊர் திரும்புகிறாள். மேல் பெர்த்தில் மகள், கீழ் பெர்த்தில் தாய். திரைக்கு அப்பால் இளம்பெண்கள் சிலர் ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது காதில் விழுகிறது. பேசப்படுவது லாரலின் அம்மா என்பதும் விழுகிறது. ஸ்டெல்லா அசையாமல் கேட்கிறாள். மேலே லாரலும் கேட்கிறாள். அம்மாவுக்குக் கேட்டிருக்குமோ என்ற பயத்தில் மெல்லக் கீழே இறங்குகிறாள். ஸ்டெல்லா கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடக்கிறாள். மகள் குனிந்து முத்தமிட்டு, பக்கத்திலேயே ஒடுங்கிப் படுத்துக்கொள்கிறாள். தாய்க்குத் தெரியாது என்று மகள் நம்ப, அந்த நம்பிக்கையைக் கலைக்காமல் தாய் படுத்திருக்கிறாள்.

அழுகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் நான்கைச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. சாவுக்கும் பிரிவுக்கும் முன்னால், பிறரால் இகழப்படுவதை முதலில் வைத்திருப்பது யோசிக்கவேண்டிய விஷயம். ஹாலிவுட் காதல் படங்களின் கண்ணீரை இழவுக் கண்ணீர் என்றே பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். காதல் கைகூடவில்லை, அதனால் அழுகிறோம் என்று. அந்த ரயில் பெர்த்தில் வருவது இளிவின் கண்ணீர். மெக்கேரி படத்து நாயகியும் எதற்கு அஞ்சுகிறாள்? காதலன் போய்விடுவான் என்பதற்கு இல்லை. இரக்கப்பட்டு வந்து நிற்பான் என்பதற்கு.

இங்கேதான் பொய்யின் தரப்பில் சொல்லத்தக்க வலுவான வாதமும் இருக்கிறது. உண்மையைச் சொல்வது எப்போதும் எதிராளிக்குச் சுதந்திரம் தருவதில்லை. ‘உன்னைப் பார்க்க ஓடிவந்தபோதுதான் கால் போயிற்று’ என்று ஒருத்தி சொன்னபிறகு, நல்ல மனம் உள்ள எவனால் விலகிப் போக முடியும்? உண்மை ஒரு கயிறாகிவிடும். பானையில் சோறு குறைந்த இரவில் ‘எனக்குப் பசியில்லை’ என்று சொல்லும் தாயும் குழந்தையின் தட்டில் குற்றவுணர்வைப் பரிமாற விரும்பாமல்தான் பொய் சொல்கிறாள். அதைத் தவறு என்று சொல்ல மிகவும் உலர்ந்த நெஞ்சம் வேண்டும்.

ஆனால் ஸ்டெல்லா செய்வது அதைவிடப் பெரியது. ஸ்டீபன் மணக்க விரும்பும் ஹெலனிடம் போய், விவாகரத்துக்குச் சம்மதிக்கிறேன், லாரலை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறாள். லாரல் அங்கே அனுப்பப்படுகிறாள், விஷயத்தைத் தெரிந்துகொள்கிறாள், உடனே தாயிடமே திரும்பி வந்துவிடுகிறாள். படத்தைப் பற்றிப் பேசுபவர்கள் கடைசிக் காட்சியின் மழையில் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள். லாரல் உண்மை தெரிந்து, யோசித்து, தேர்ந்தெடுத்துவிட்டாள். வசதியான வீடு ஒரு பக்கம், ஊர் சிரிக்கும் அம்மா ஒரு பக்கம். அவள் எடுத்துக்கொண்டது அம்மாவை. அந்தத் தேர்வை அழிக்கத்தான் ஸ்டெல்லா நாடகம் போடுகிறாள். இசைத்தட்டை அலறவிட்டு, சிகரெட்டைப் பற்றவைத்து, மலிவான பத்திரிகையோடு சோபாவில் சாய்ந்துகொண்டு, குடிகார நண்பன் எட் மன்னை மணக்கப்போவதாகச் சொல்கிறாள். மகள் இடைஞ்சல் என்று பேசாமல் பேசுகிறாள். லாரல் உடைந்து போய்விடுகிறாள்.

தன் தாய்க்குத் தன்மீது பாசமில்லை என்ற எண்ணத்தோடு ஒரு பெண் மீதி ஆயுளைக் கழிக்க வேண்டும். ஸ்டெல்லா கொடுத்த சீர்வரிசையில் இதுவும் ஒன்று. ‘புரைதீர்ந்த’ என்ற சொல்லை எவ்வளவு இழுத்து விரித்தாலும் இது அதற்குள் அடங்காது.

தத்துவவாதி ஸ்டான்லி கேவல் 1996இல் வெளியிட்ட ‘கன்டெஸ்டிங் டியர்ஸ்’ நூலில் ஸ்டெல்லாவைப் பலியாடாகப் பார்க்க மறுக்கிறார். தன் உடை பிறர் கண்ணில் எப்படிப் படும் என்று அறிந்தே அவள் உடுத்துகிறாள், அவளை இகழ்ந்த உலகத்தை அவளும் உதறிவிட்டு நடக்கிறாள் என்பது அவர் வாசிப்பு. கெட்டிக்காரத்தனமான வாசிப்பு. ஆனால் ரயில் பெர்த்தில் கிடந்த முகத்துக்கு இது பொருந்தவில்லை. அவள் உலகத்தை உதறியிருந்தால் மகளை ஏன் அந்த உலகத்திடமே ஒப்படைக்கிறாள்? சிரித்தவர்கள் சொன்னதே சரி என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் இந்தத் தியாகம் சாத்தியமாகிறது. சிரித்தவர்களிடம் படம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

அக்காலத்துப் படங்களில் தியாகம் இவ்வளவு மலிந்திருந்ததற்கு, பேசுவதற்கு அழகில்லாத ஒரு காரணமும் உண்டு. 1930இல் எழுதப்பட்டு 1934 முதல் ஜோசப் ப்ரீனின் அலுவலகம் கறாராக அமல்படுத்திய தணிக்கை விதிகள், திருமணத்துக்கு வெளியே உள்ள உறவைக் கவர்ச்சியாகக் காட்டக் கூடாது என்றன. 1968 வரை அவை பெயரளவிலாவது இருந்தன. ‘நவ், வாயேஜர்’ (1942) படத்தில் பெட் டேவிஸின் சார்லட், திருமணமானவனைக் காதலிக்கிறாள். அவன் மகளை வளர்ப்பதோடு நிறைவு கண்டுகொள்கிறாள். அந்த நாவலும் ப்ரௌட்டி எழுதியதுதான். இப்படி, மேலிடத்தில் மூடிவைத்த கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, உள்ளே போக விருப்பமில்லை என்று சொன்னவர்களும் அந்தப் படங்களில் உண்டு. அது போலி என்று தள்ளிவிட முடியாது. வழியில்லாத இடத்தில் கௌரவத்தோடு நிற்பதும் ஒரு நிற்றல்தான்.

மாக்ஸ் ஓஃபுல்ஸின் ‘லெட்டர் ஃப்ரம் அன் அன்நோன் வுமன்’ (1948) இந்தக் கூட்டத்தில் தனியாக நிற்கிறது, ஏனென்றால் அது தன் நாயகியை முழுவதுமாக நம்புவதில்லை. ஸ்டெஃபான் ஸ்வேக்கின் குறுநாவலிலிருந்து வந்த கதை. வியன்னா. லிசா ஒரு பியானோ கலைஞனைச் சிறு வயதிலிருந்தே நேசிக்கிறாள். அவனுக்கு ஒரு மகனைப் பெறுகிறாள், அவனிடம் சொல்வதில்லை. கேளிக்கைப் பூங்காவில் இருவரும் ஓடாத ரயில் பெட்டி ஒன்றில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே துணியில் தீட்டிய வெனிஸும் சுவிட்சர்லாந்தும் நகர்கின்றன. ஒரு முதியவர் பெடல் மிதித்து அவற்றை ஓட்டுகிறார். நாடுகள் தீர்ந்துவிட்டதும், முதலிலிருந்து ஓட்டச் சொல்கிறான் அவன். லிசாவின் காதல் முழுவதும் அந்தத் துணிக்கு முன்னால் நடந்த பயணம் என்று ஓஃபுல்ஸ் சொல்லாமல் காட்டிவிடுகிறார். அவள் எதுவும் கேட்காதவளாக இருக்க விரும்பினாள். அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தவர்களில் அப்பா யாரென்று அறியாமல் வளர்ந்த பையனும் ஒருவன். அவனை யாரும் கேட்கவில்லை.

இவ்வளவு குற்றம் சாட்டிய பிறகும் இந்தப் படங்கள் ஏன் பிடிக்கின்றன? பொய்யை வியப்பதால்தான் அழுகிறோம் என்றால், பொய் நிலைபெறும் இடத்தில் கண்ணீர் உச்சத்துக்குப் போக வேண்டும். அப்படி நடப்பதில்லை. கெர் மறைக்கும்போது வருவதைவிட, கிராண்ட் கதவைத் திறக்கும்போதுதான் கண்ணீர் அதிகம் வருகிறது. மறைத்துவைத்ததை யாராவது கண்டுபிடித்துவிட மாட்டார்களா என்ற ஏக்கம் அது. தான் விட்டுக்கொடுத்தது எதுவும் வீட்டில் யார் கண்ணிலும் படாமல் போனவர்கள், குறிப்பாகப் பெண்கள், இந்தப் படங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனதில் வியப்பில்லை. திரையில் மறைக்கப்படுவதை அரங்கில் உள்ள அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தியாகம் செய்தவருக்கு வாழ்க்கை மறுத்த சாட்சி அங்கே கிடைக்கிறது. ஸ்டெல்லாவின் பிரிவை மக்கள் அப்படியே விட்டுவிடவும் இல்லை. 1937இல் தொடங்கி 1955 வரை அமெரிக்க வானொலியில் ‘ஸ்டெல்லா டல்லாஸ்’ தொடராக ஓடியது. அதில் மகளுக்கு ஆபத்து என்றால் தாய் வந்து நிற்பாள்.

படத்துக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறாள், ஹெலன். ஸ்டெல்லாவின் நாடகத்தைப் புரிந்துகொண்டவள். லாரலின் திருமண நாளில் ஜன்னல் திரைச்சீலைகளை மூடாமல் திறந்தே வைக்கச் சொல்கிறாள். வெளியே மழை, இரும்புக் கம்பி வேலி, வேடிக்கை பார்க்கும் கூட்டம். நகரச் சொல்லும் போலீஸ்காரரிடம், மாப்பிள்ளை பெண்ணை முத்தமிடும்வரை நிற்கவிடுங்கள் என்று ஸ்டெல்லா கெஞ்சுகிறாள். பார்த்துவிட்டு, கைக்குட்டையைக் கடித்தபடி, முகம் மலர நடந்துபோகிறாள்.

ஹெலன் ஸ்டெல்லாவுக்குக் காட்சியைக் கொடுத்தாள். லாரலுக்கு உண்மையைக் கொடுக்கவில்லை. ஸ்டெல்லாவின் ரகசியத்தைக் காத்தாளா, பொய்யில் பங்குதாரர் ஆனாளா? திருமணச் சந்தடியில் சொல்ல முடியாது என்பது சரி. ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து, இருவரும் தனியாக உட்கார்ந்திருக்கும் ஏதாவது ஒரு மாலையில் அவள் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அது சேரவேண்டிய சொத்து. படம் அந்த மாலைவரை போவதில்லை. விளக்கு எரியும் ஜன்னலைப் பின்னால் விட்டுவிட்டு, ஸ்டெல்லாவோடு மழையில் நடந்து வந்துவிடுகிறது.