ஒரு கீறலும் இல்லறத்தார் விரதமும்

காரின் முன்பலகையில் பதித்துள்ள மர அலங்காரத்தில் சாவி உராய்ந்து ஒரு கீறல் விழுகிறது. இதிலும் அறவினா உண்டோ என்று சிலர் நகைக்கக்கூடும். உண்டு என்பதே நம் கருத்து.

திரும்பத் திரும்பத் துய்க்கப்படுவதால் வண்டி உபபோகப் பொருள். இத்தகைய பொருள்களுக்கு அளவு வகுத்தலும், பயனின்றித் தீங்கு இழையாமையாகிய அனர்த்த தண்ட விரதமும் அருங்கலச்செப்பு உரைக்கும் குணவிரதங்களுள் அடங்கும். ஆகவே கீறலைப் போக்கலாமா என்பதைவிட, அதற்கு எவ்வளவு பொருளும் எத்தனை உயிரும் செலவாகின்றன என்பதே கேட்கத்தக்கது.

இக்காலக் கார்கள் பலவற்றில் மரம்போல் தோன்றுவது மரமன்று. பிளாஸ்டிக்கின்மேல் மரவரி அச்சிட்ட படலம். ஜாகுவார் முதலிய ஆங்கிலேய வண்டிகளிலோ அக்ரூட் மரத்தின் மெல்லிய சீவலை ஒட்டி, அதன்மேல் தெளிந்த பூச்சு ஏற்றியிருப்பர். ஒரே கட்டையில் அடுத்தடுத்து எடுத்த சீவல்களை வரிகள் ஒத்திருக்குமாறு பொருத்துவதால், ஒன்றை மட்டும் மாற்றினால் ஏனையவற்றோடு இசையாது. எல்லாவற்றையும் மாற்றிவிடலாமே என்று மனம் தூண்டும். ஒரு கீறலுக்காக முழுத்தொகுதியையும் எறிவது பயனில் தீங்கே. இதில் நமக்கு ஐயமில்லை.

பெரும்பாலும் கீறல் பூச்சோடு நின்றுவிடும். விரல்நகத்தைக் குறுக்கே ஓட்டும்போது அது மாட்டவில்லையெனில், 2000 எண் வாட்டர் பேப்பரை நனைத்து மெல்லத் தேய்த்து, பாலிஷ் பசையால் துலக்கினால் போதும். நகம் மாட்டினால், தெளிந்த பூச்சைத் துளித்துளியாக இட்டு, நன்கு உலர்ந்தபின் மட்டமாகத் தேய்க்கவேண்டும். சீவல் மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுடையதாதலின் மிகுதியாகத் தேய்த்தால் அடிப்பலகை வெளிப்பட்டுவிடும். அச்சுப் படலத்திற்கோ அவ்வளவு பொறுமையும் இல்லை.

சீவல் பெயர்ந்திருந்தால் பழைய தச்சர் வச்சிரம் காய்ச்சுவர். மெருகுக்குப் பிரெஞ்சு பாலிஷ் என்பர். வச்சிரம் விலங்கின் தோல், எலும்புகளினின்று எடுக்கும் பசை. பிரெஞ்சு பாலிஷ் என்பது, பெயர் எதுவாயினும், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கே. மரக்கிளைகளில் செறிந்து வாழும் நுண்பூச்சிகள் தம்மேல் போர்த்துக்கொள்ளும் பிசின் அது. அதைச் சுரண்டியெடுக்கையில் எண்ணற்ற பூச்சிகள் மடிகின்றன. சாவகர் விலக்கவேண்டிய 15 தொழில்களுள் அரக்கு வாணிகத்தையும் ஹேமசந்திரரின் யோகசாத்திரம் சேர்த்துள்ளது. அவர் சுவேதாம்பரர் எனினும் இதில் நாம் மாறுபட இடமில்லை.

“ஒரு துளிதானே, நாமா கொன்றோம்?” என்பாருண்டு. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினையே என்று கேட்டு வளர்ந்த நாம் இவ்வாறு வினவுதல் தகாது. செயற்கைப் பசையும் பூச்சும் கடையில் கிடைக்கின்றன. அவையும் மாசற்றவை அல்ல. ஆவி பொல்லாதது, சன்னலைத் திறந்துவைத்தே கையாளவேண்டும். ஆயினும் இயங்குயிரைக் கொன்று பெற்ற பொருளினும் அவற்றையே நாம் தெரிந்துகொள்வோம்.

ஏற்கெனவே அரக்குப் பூசிய மிகப் பழைய வண்டி ஒருவரிடம் இருப்பின் என் செய்வது? அதைச் சுரண்டி எறிவதால் மாண்ட உயிர் மீளாது. மறைவான மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துப் பார்க்கலாம், அரக்காயின் பிசுபிசுக்கும். அவ்வாறாயின், ஸ்பிரிட் தோய்த்த மெல்லிய தூரிகையைக் கீறலின்மேல் ஓரிருமுறை ஓட்டினால் பழைய அரக்கே இளகிப் பரவி மேலோட்டமான கோட்டை மூடிவிடும். புதிய அரக்கு ஒரு துளியும் வாங்கவேண்டியதில்லை.