பீலியும் இரண்டு சாவியும்

செஞ்சியில் ஒரு வங்கிக் கிளைக்கு மேலாளராக இருக்கிறேன். அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் போட்டவர்கள் பணம் எடுக்க வரும்போது கவுண்டரில் நிற்க இடமிருக்காது. அந்த நெரிசலில் என் மூளை தெளிவாக ஓடும். கூட்டம் கலைந்தபின் ஒரு சாதாரண மாதாந்திர அறிக்கையின் முன்தான் நகர மறுக்கும். என் தங்கப் பதக்கத்துக்கும் சீக்கிரமே வந்த பதவி உயர்வுகளுக்கும் பின்னால், வீடே உறங்கியபின் விழித்திருந்து முடித்த வேலை இருக்கிறது. நாற்பதை நெருங்கும் வயதில், புதுச்சேரி மனநல மருத்துவர் ஒருவர் என் பள்ளிக்கூட மதிப்பெண் அட்டைகள்வரை வாங்கிப் பார்த்துவிட்டு, ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு, என்றார்.

நாங்கள் நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள். மேல்சித்தாமூர் மடத்தைச் சேர்ந்தவர்கள். அதனால் என்னை அலைக்கழித்தது வேறு கேள்வி. என் கவனம் சிதறுவது என் உடம்பா, என் குற்றமா?

எங்கள் சமண நூலான உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம், வினை கட்டுவதற்கான ஐந்து காரணங்களில் விழிப்பின்மையையும் வைக்கிறது. இம்சைக்கான இலக்கணத்திலும் அதுவே வருகிறது: விழிப்பற்ற செயலால் உயிர் போவதுதான் இம்சை. அப்படியானால் சிறுவயது முதலே கவனம் நிலைக்காதவள் தினமும் வினை சேர்த்துக்கொண்டே இருக்கிறாளா?

அதே நூல் தியானத்தை வரையறுக்கும் இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. உறுதியான எலும்புக்கட்டு வாய்த்தவருக்கே மனம் ஒன்றில் நிற்கும். அதுவும் ஒரு முகூர்த்தத்துக்குள், அதாவது 48 நிமிடத்துக்குள்தான் என்கிறது. உடம்பையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்! துயரத்தையே சுற்றிவரும் ஆர்த்தமும் கொடுமையில் ஊறும் ரௌத்திரமும்கூட அங்கே தியான வகைகள்தான். ஆகவே மனம் ஓரிடத்தில் நிற்பது தன்னளவில் புண்ணியம் இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருநாதர்குன்றில், ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும் அங்கே உண்டு. சின்ன வயதில் அவரைக் காட்டித்தான் எனக்கு மன அடக்கம் சொல்லித்தந்தார்கள். கல்லில் இருப்பதோ அவர் நோற்ற நாட்கள் மட்டும். அந்த நாட்களில் அவர் மனம் எங்கெல்லாம் போய் வந்தது என்று அது கேட்கவில்லை.

விழிப்பு என்று நூல் எதைக் கேட்கிறது என்பதற்கு விடையை முனிவர்களின் கையில் கண்டேன். திகம்பர முனிவரிடம் வெறுமனே ‘கவனமாக இரு’ என்று சொல்லிவிடுவதில்லை. மயில்பீலி தருகிறார்கள். நான்கு முழம் முன்னே தரையைப் பார்த்து நடக்கச் சொல்கிறார்கள். உட்காருமுன் பீலியால் இடத்தை வருட வேண்டும். இப்படி நடந்தும் ஒரு பூச்சி காலடியில் இறந்தால் அவருக்கு வினை கட்டுவதில்லை என்பது உரைகாரர்களின் தீர்ப்பு. விழிப்பு என்பது மூளையின் கெட்டித்தனம் அல்ல, எடுத்துக்கொள்ளும் அக்கறை.

வங்கிக்கும் இது தெரியும். பெட்டக அறையைத் திறக்க இரண்டு பேரிடம் இரண்டு சாவி. ஒருவர் பதிந்ததற்கு இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. ஆனால் ஒரு பெண் அதிகாரி எதையும் குறித்துக்கொண்டே இருந்தால், அலாரம் வைத்தால், பேசியதை எழுத்தில் கேட்டால், ‘மேடத்துக்குச் சமாளிக்க முடியலையோ’ என்ற பார்வை வருகிறது. அதற்கு அஞ்சித்தான் பல பெண்கள் இரவில் ஒளித்து உழைக்கிறார்கள். துறுதுறுவென ஓடாமல் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்த சிறுமிகளைப் பள்ளியில் யாரும் கவனிக்கவில்லை. மதிப்பெண் வந்துகொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். சட்டத்தின் கண்ணிலும் நாங்கள் படவில்லை: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் இருக்கின்றன, ஏடிஎச்டி இல்லை. பெண்களின் இந்த ஒளிவு மறைவு தீர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அது தின்பது தூக்கத்தை மட்டுமல்ல.

“மாத்திரை போட்டுக்கிட்டு சாமாயிகத்துல உக்காந்தா அது உன் தவமா, மாத்திரையோட தவமா?” என்று அத்தை கேட்டார். சாமாயிகம் என்பது எங்கள் தியான அமர்வு. நியாயமான கேள்வி. மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை என்னை நல்லவளாக்குவதில்லை, அத்தை. உட்கார விடுகிறது, அவ்வளவுதான். உட்கார்ந்தபின் யாரை மன்னிப்பது, எந்த ஆசையை விடுவது என்பதெல்லாம் என்னிடமே இருக்கிறது என்றேன். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வட்டார அலுவலகக் கூட்டங்களுக்கு நிகழ்ச்சிநிரலை முன்கூட்டியே எழுத்தில் தரும்படி கேட்டிருக்கிறேன். கடிதத்தில் காரணத்தையும் எழுதினேன்.