கவிஞனின் சொல்லும் இசைஞனின் உரிமையும்

கவிதைக்கு இசையமைப்போன் அதன் சொற்களைத் தன் விருப்பம்போல் குறைத்துக்கொள்ளலாமா? கவிஞன் இசைவு தந்தபோதே அந்த உரிமையும் உடன் வந்துவிடுகிறதா? இதனை இசைத்துறையாரின் சச்சரவென்று ஒதுக்கிவிட இயலாது. பிறர் பொருளைத் தம் கையில் வைத்திருப்போர் அனைவரையும் தொடும் வினா இது.

இங்கிலாந்தில் எழுந்த பிணக்கொன்று ஈண்டு நினைக்கத் தக்கது. ஏ.இ. ஹவுஸ்மன் என்னும் கவிஞர் 1896-இல் ‘ஷ்ரோப்ஷையர் இளைஞன்’ என்ற தொகுதியை வெளியிட்டார். அவர் தொழிலால் இலத்தீன் பேராசிரியர். ஏடெழுதுவோர் விடுத்தும் திரித்தும் கெடுத்த பழம்பாடல்களைச் செப்பம் செய்வதே அவரது வாழ்நாட்பணி. தம் கவிதைகளுக்கு இசையமைக்க விரும்பியோர்க்கு அவர் கட்டணம் கேளாமலே இசைவு வழங்கி வந்தார்.

அத்தொகுதியில் ஒரு கவிதை, மாண்டுபோன இளைஞனுக்கும் உயிரோடிருக்கும் அவன் நண்பனுக்கும் இடையே நிகழும் உரையாடல். நான்கடிச் செய்யுள் எட்டு. என் ஏர்க்குதிரைகள் இன்னும் உழுகின்றனவா, கால்பந்தாட்டம் நடக்கிறதா, என் காதலி நலமா, நண்பனே நீ நலமா எனப் படிப்படியாகக் கேட்கிறான் மாண்டவன். இறுதி விடையில்தான் இடி விழுகிறது: அக்காதலி இப்போது நண்பனுக்குரியவள்.

1909-இல் ராஃப் வான் வில்லியம்ஸ் குரலுக்கும் பியானோவுக்கும் நான்கு நரம்புக்கருவிகளுக்குமாக இதனை இசைப்படுத்தியபோது, கால்பந்தாட்டச் செய்யுள் இரண்டையும் நீக்கிவிட்டார். பொருள் மாறாதவரை ஒரு பகுதியை மட்டும் எடுத்தாள இசைஞனுக்கு உரிமையுண்டு என்பது அவர் வாதம். ஹவுஸ்மனோ, அவரது இசையில் சிறிதை நான் வெட்டினால் ஒப்புவாரா என்று சினந்தார்.

நீக்கப்பட்ட அடிகள் உயர்ந்தவை அல்ல என்பதை நானும் ஒப்புவேன். ஆயினும், மாண்டவன் எடுத்த எடுப்பில் காதலியைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்க அஞ்சுவோன்போல் உழவையும் ஆட்டத்தையும் சுற்றி வருகிறான். அந்தத் தயக்கமன்றோ கவிதையின் உயிர்! மேலும், கூலி பெறாமல் ஒப்படைத்த பொருள் அமானிதம். விலைகொடுத்து வாங்கியவனுக்குள்ள துணிவு அமானிதம் பெற்றவனுக்கு ஆகாது.

அரபு நாட்டிலும் இது நிகழ்ந்ததுண்டு. கவிஞர் இப்ராஹீம் நாஜி 1953-இல் மறைந்தார். 1966-இல் உம்மு குல்தூம் பாடிய ‘அல்-அத்லால்’ பாடலில் நாஜியின் வேறொரு கவிதையின் அடிகளும் கலந்தன. மறைந்தவர் மறுப்புரைக்க வழியேது?

1911-இல் ஜார்ஜ் பட்டர்வொர்த் அதே ஹவுஸ்மன் கவிதையை ஒரு குரலுக்கும் பியானோவுக்கும் அமைத்தார். எட்டுச் செய்யுளும் அதில் உண்டு. மாண்டவன் வினாக்கள் மெலிந்தும் நண்பன் விடைகள் ஓங்கியும் ஒலிக்கும். அச்சில் இருவர்க்கும் ஒரே எழுத்துத்தான்; எக்குரல் ஓங்கியது என்பது படிப்போன் தேர்வு. ஒரு சொல்லும் குறையாமலே அத்தேர்வை இசைஞர் தாமே செய்துவிட்டார். இதுவும் கைவைத்தலே அன்றோ எனின், ஆம், கைவைத்தலே. ஆனால் சொற்கள் முழுதும் அங்கிருத்தலால் கேட்போன் வேறு முடிவு கொள்ளலாம். வெட்டிய பாட்டை மட்டும் கேட்டவனோ, தான் இழந்தது இன்னதென்றே அறியான்.

பட்டர்வொர்த் 1916 ஆகஸ்ட் 5 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் கொல்லப்பட்டார், வயது 31. அச்செய்தியை அறிந்து அப்பாடலைக் கேட்கும்போது, ஏர்க்குதிரைகளைப் பற்றி வினவும் அந்த மெல்லிய குரல் இசைஞருடையதாகவே என் செவியில் விழுகிறது. ஹவுஸ்மன் அதன்பின்னும் இருபது ஆண்டுகள் வாழ்ந்தார்.