விளக்கமும் மன்னிப்பும்

குற்றத்தின் காரணத்தை விளக்குவது குற்றவாளியை மன்னிப்பதாகுமா? அமெரிக்கக் கறுப்பின நாவலாசிரியை ரொனி மொறிசன் 1970இல் வெளியிட்ட தமது முதல் நாவலான 'த புளூவெஸ்ற் ஐ'யில் இவ்வினாவை நம்முன் வைக்கின்றார்.

பெற்ற தந்தையின் பாலியல் வன்முறைக்கு ஆளாகும் சிறுமி பெக்கோலா, தனக்கு நீலக் கண்கள் வாய்த்துவிட்டனவென நம்பிச் சித்தம் பேதலிக்கின்றாள். அத்தந்தை சோலியும் இளமையில் ஆயுதந் தாங்கிய வெள்ளையரால் இழிவுபடுத்தப்பட்டவனே. இதனைக் கூறும் ஆசிரியை, அவனோடு அவனை உருவாக்கிய நிறவெறியையும் கூண்டிலேற்றுகின்றார். பெக்கோலாவின் அவலத்தோடு ஒப்பிட்டுத் தம்மை அழகரென எண்ணிக்கொண்ட ஊராரையும் அவர் விட்டுவிடவில்லை.

ஆயினும், இழிவுபடுத்தப்பட்டோர் எல்லோரும் குழந்தைகளை வதைப்பதில்லை. சமூகக் காரணம் தனிமனிதப் பொறுப்பை அழித்துவிடாது. முற்போக்காளராகிய நாம் இதனை மறத்தலாகாது. கடைசி வாங்கில் வாய்திறவாதிருக்கும் பிள்ளை, சமூகம் மாறும்வரை காத்திருக்க இயலாது. ஆசிரியரின் கவனம் அதற்கு இன்றே தேவை.