டேப் ஒட்டிய விளக்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பக்தரின் காரில் டேராடூனிலிருந்து முசூரிக்குச் சென்றுகொண்டிருந்தேன். ஸ்டியரிங்குக்குப் பின்னாலுள்ள டாஷ்போர்டில் ஓரிடத்தில் கறுப்பு டேப் ஒட்டப்பட்டிருந்தது. காரணம் கேட்டேன். ‘சுவாமிஜி, அது எஞ்சின் எச்சரிக்கை விளக்கு. மூன்று முறை எரிந்தது. மூன்று முறையும் மெக்கானிக் சோதித்துவிட்டு, எஞ்சினில் குறையில்லை, ஆக்சிஜன் சென்சார்தான் பழுது என்றார். பொய் சொல்லும் விளக்கை எதற்குப் பார்க்க வேண்டும்?’ என்று சிரித்தார்.

பாதி மலை ஏறியதும் வண்டி நடுங்கியது, இழுவை குறைந்தது. ‘பெட்ரோல் சரியில்லை போலும்’ என்று சொல்லிக்கொண்டே அவர் முசூரிவரை ஓட்டிவிட்டார். அங்கே மெக்கானிக் டேப்பை உரித்தபோது விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. ‘நிலையாக எரிந்தால் விரைவில் காட்டலாம், மின்னினால் உடனே வண்டியை ஓரம் கட்ட வேண்டும்’ என்றார் அவர். ஒரு சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் சென்று, புகையைத் தூய்மையாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடேற்றிப் பாழாக்கியிருந்தது. ஒரு சிறிய இக்னிஷன் காயிலை மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய செலவு பன்மடங்காயிற்று.

அன்பர்களே, அந்த விளக்கு முன்பு பொய் சொன்னது உண்மை. இம்முறை மெய் சொன்னதும் உண்மை. டேப்போ இரண்டையும் ஒருசேர மறைத்துவிட்டது.

அறிவு எப்போது நம்பத்தக்கது என்று நம் தரிசனங்கள் நுட்பமாக ஆராய்ந்துள்ளன. அறிவு தன்னளவிலேயே பிரமாணமானது என்பது மீமாம்சகர் கொள்கை. அறிவைத் தந்த கருவியில் தோஷம் உண்டென்று தெரியவந்தாலோ, பின்வரும் அறிவு அதனை மறுத்தாலோ மட்டுமே அதைக் கைவிட வேண்டும். காமாலைக் கண்ணுக்கு வெண்சங்கும் மஞ்சளாகத் தோன்றுகிறது. குறை கண்ணில் என்று அறிந்தவன் வைத்தியரை நாடுகிறான், கண்ணைக் கட்டிக்கொள்வதில்லை. பழுதான சென்சாரை மாற்ற வேண்டும், விளக்கை மறைக்கலாகாது.

மனசாட்சி நமக்குள் எரியும் எச்சரிக்கை விளக்கு. அதன் கருவியிலும் தோஷம் நேர்வதுண்டு. இளமையில் ஊட்டப்பட்ட அச்சம், பிறர் சுமத்திய பழி ஆகியவற்றால் தவறேதும் செய்யாத நல்லவர் சிலர் ஓயாத குற்றவுணர்ச்சியில் வாடுகின்றனர். அவர்கள் விவேகத்தால் அதன் வேரை ஆராய்ந்து நீக்கட்டும். ஆனால், ‘இதெல்லாம் வீண் சஞ்சலம்’ என்று உள்ளத்தின் குரலையே அடைத்துவிட்டால், மெய்யான எச்சரிக்கை வரும் நாளில் அதைக் கேட்பவர் யார்?

இன்னொன்றும் உண்டு. சிலர் பேட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டி விளக்கை அணைத்துவிடுவர். குறை தீராதவரை அது மீண்டும் எரியும். புண்ணிய தீர்த்தத்தில் மூழ்கி எழுந்தபின்னும் பழைய நடத்தையை மாற்றாதவரின் அமைதியும் அத்தகையதே.

சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் சில விநாடிகள் எரிந்து அணைகின்றன. அவை வேலை செய்கின்றனவா என்பதற்கான சோதனை அது. அப்போதும் எரியாத விளக்கைக் கண்டுதான் கவலைப்பட வேண்டும். நாமும் அன்றாடம் காலையில் சற்று நேரம் தனித்திருந்து, ‘நேற்று யாருக்குத் தீங்கிழைத்தேன்?’ என்று உள்ளத்தைக் கேட்போம். எதுவுமே உறுத்தவில்லை என்றால், குற்றமின்மையாலா, உணர்வு மரத்துப்போனதாலா என்று பார்ப்போம்.

அன்று மாலை அந்த அன்பர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, ‘சுவாமிஜி, சொத்துப் பிரிவினையில் தம்பிக்குச் சேர வேண்டியதை நான் வைத்துக்கொண்டேன். நான்கு ஆண்டுகளாகப் பேச்சில்லை. அந்த விளக்கின்மேலும் டேப் ஒட்டியிருக்கிறேன்’ என்றார். நான் ஏதும் உபதேசிக்கவில்லை. அவரே எழுந்து வெளியே சென்று, தம்பிக்குத் தொலைபேசியில் பேசினார்.