தீக்கு நல்லது கெட்டது தெரியுமா?

சீதை தீக்குளித்த கதையைச் சொல்லி, "நெருப்புக்கு நியாயம் தெரியும்டி" என்பாள் பாட்டி. இயற்பியல் ஆசிரியையான எனக்கு அது ஒப்பவில்லை.

பெர்லினில் உருவான, வெப்பத்தால் புற்றை அழிக்கும் ஒரு சிகிச்சையைப் பாருங்கள். அமினோசிலேன் பூசிய, சுமார் 12 நானோமீட்டர் இரும்பு ஆக்சைடு துகள்களை மூளைக் கட்டிக்குள் ஊசிவழி செலுத்துகிறார்கள். நொடிக்கு 1,00,000 முறை அலைவுறும் காந்தப்புலத்தில் அவை சூடேறுகின்றன. புற்றுச் செல்கள் மடிகின்றன. 2010இல் ஐரோப்பிய அனுமதியும் கிடைத்தது.

ஆனால், உலோகத்தால் பல் அடைத்திருந்தால் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். அதுவும் சூடேறும். காந்தப்புலத்துக்குப் புற்றிலுள்ள துகளும் ஒன்றுதான், பல்லிலுள்ள உலோகமும் ஒன்றுதான்.

துகளை எங்கே வைப்பது, எவ்வளவு சூடாக்குவது என்று தீர்மானிப்பவர் மனிதர். நியாயம் பார்ப்பதும் அவர் பொறுப்பே. அதை அக்கினி பகவான் தலையில் கட்டாதீர்கள்.