தந்தம் இல்லாத மகள்கள்

நம் காட்டுப் பெண் யானைக்கு வெளியே தெரியும்படி தந்தம் இருக்காது; அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. ஆப்பிரிக்க யானைகளில் ஆண், பெண் இரண்டுக்குமே தந்தம் உண்டு. மரப்பட்டை உரிக்கவும் வறண்ட ஆற்றில் நீருக்காகத் தோண்டவும் அதுதான் கருவி. ஆனால் மொசாம்பிக்கின் கொரொங்கோசா தேசியப் பூங்காவில் தந்தமே இல்லாத தாய் யானைகள் ஏராளம்.

போர்த்துக்கீசியர் காலத்தில், 1920இல், வேட்டைக்காடாக ஒதுக்கப்பட்ட இடம் அது. 1960இல் தேசியப் பூங்கா ஆனது. உரேமா ஏரிக்கரைப் புல்வெளியில் எருமைகளும் நீர்யானைகளும் நிறைந்திருந்தன. 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். இரு தரப்பும் இறைச்சிக்காக விலங்குகளைச் சுட்டன. தந்தத்தை விற்று ஆயுதம் வாங்கின. பெரிய விலங்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்தன.

தந்தம் உள்ளது குண்டடி பட்டது; இல்லாதது பிழைத்தது. போருக்கு முன் பெண் யானைகளில் ஐந்தில் ஒன்றுகூடத் தந்தமில்லாமல் இருக்கவில்லை. போருக்குப் பின் பாதி. சண்டை ஓய்ந்த பிறகு பிறந்த மகள்களிலும் மூன்றில் ஒன்றுக்குத் தந்தம் இல்லை. 2021இல் வெளிவந்த ஆய்வு இதற்கான காரணத்தை மரபணுவில் தேடியது. தந்தத்தைத் தடுக்கும் மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகள் அதனோடு வாழ்ந்துவிடுகிறாள், மகன் கருவிலேயே இறந்துபோகிறான் என்று அது கருதுகிறது. துப்பாக்கி பிடித்தவன் தன் குண்டு இன்னும் பிறக்காத ஆண் கன்று வரை போகும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டான்.

2008இல் அமெரிக்கச் செல்வந்தர் கிரெக் காரின் அறக்கட்டளை, பூங்காவை மீட்க அரசோடு 20 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. வெளியிலிருந்து எருமைகள் வந்தன. 2018இல் காட்டுநாய்கள் வந்தன. விலங்குகள் பெருகின. கணக்கைப் பார்த்துக் கைதட்டுவது சுலபம். பெருகியது எது என்று பார்த்தால், முன்பு சில ஆயிரங்களாக இருந்த வாட்டர்பக் மான் 50,000ஐத் தாண்டிவிட்டது! எருமைகளும் நீர்யானைகளும் ஆண்ட புல்வெளி இப்போது அதன் கையில்.

காடு திரும்பி வந்தது உண்மை. பழைய காடு வரவில்லை. பாதுகாப்பு என்றால் அழிந்ததைப் பழையபடி ஆக்குவது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அது யாராலும் ஆகாது. அங்கே போரைப் பார்த்த கிழட்டு யானைகள் வண்டியைக் கண்டால் இன்றும் சீறிப் பாய்வதுண்டு; அவற்றைப் பார்த்து வளர்ந்த கன்றுகளும் அதையே கற்றுக்கொள்கின்றன. மனிதன் தரக்கூடியது ஒன்றுதான்: குண்டுச் சத்தம் இல்லாத நீண்ட காலம். அதற்குள் தந்தமுள்ள மகள் மெல்லப் பெருகலாம். எருமையும் தன் இடத்தைப் பிடிக்கலாம். எந்த வேகத்தில் என்பதைக் காடுதான் முடிவு செய்யும்.

2018இல் அந்த ஒப்பந்தத்தை மேலும் 25 ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள். யானைக் கணக்கில் அது ஏறக்குறைய ஒரே ஒரு தலைமுறை.